பூசப்பட்ட பாதிக் கை

“வாத்தியாரே, அசுரன் வேஷம் இனிமே கட்டமாட்டேன். இன்னையோட விட்டுடுங்க.”

கூத்து தொடங்க இன்னும் நேரம் இருந்தது. கொட்டகையில் பொன்னுரங்க வாத்தியார் துளசிங்கத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். துளசிங்கம் நல்ல சிவப்பு. எப்போதும் சாமி வேஷம் அவனுக்குத்தான்.

சொன்னவன் ஏகாம்பரம். நல்ல கருப்பு. வாத்தியாரிடம் சேர்ந்த நாளிலிருந்து அசுரன்.

மேடையில் அவன் உறுமினால் பிள்ளைகள் வீரிடும். கீழே இறங்கிவிட்டால் கோழிக்குக்கூட வழிவிட்டு நிற்பான். அப்படியொரு மனுசன்.

“உன்னை மாதிரி அசுரன் கட்ட யாருடா இருக்கான்? ஊரே உன் பேரைத்தான் சொல்லுது.”

“அதான் வாத்தியாரே வயித்தெரிச்சல்.”

“என்னடா ஆச்சு?”

“எம்பொண்ணு தேன்மொழி பள்ளிக்கூட நாடகத்துல ராணி வேஷம் கேட்டிருக்கா. டீச்சர் இவளைப் பார்த்துட்டு அரக்கி வேஷம் குடுத்துட்டாங்க.”

“அழுதாளா?”

“அழுதிருந்தா சமாதானம் பண்ணியிருப்பேன். ‘சரி டீச்சர், எங்கப்பாவும் அதான்’னு வாங்கிக்கிட்டு வந்துட்டா.”



வாத்தியார் கிண்ணத்தில் நீலப்பொடியைக் குழைத்தார். மனசு கேட்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

“நான் என்ன பண்றது? சாமி வேஷத்துக்குன்னு ஒரு நிறம் வேணாமாடா?”

“வேணும் வாத்தியாரே. அதுக்குத்தானே இந்த நீலத்தைப் பூசுறீங்க.”

குத்தலாகச் சொல்லவில்லை. ஏகாம்பரத்துக்குக் குத்தலாகப் பேசவே வராது.

வாத்தியாரின் கை நின்றுவிட்டது.

துளசிங்கத்தின் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் நீலம். அதற்குமேல் சிவப்பு.

“துளசிங்கம், சாமி என்ன நிறம்?”

“மழை மேக நிறம் வாத்தியாரே. தினமும் பாடுறோமே.”

“நீ?”

“நான் செவப்பு.”

“அடப்பாவி!”

யாரைத் திட்டினார் என்று இருவருக்கும் தெரியவில்லை. வாத்தியார் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

நீலக் கிண்ணத்தை எடுத்துப்போய் வெளியே கொட்டிவிட்டு வந்தார்.

“ஏகாம்பரம், இப்படி வந்து உக்காரு.”

அவன் உட்கார்ந்தான். வாத்தியார் அவன் முகத்தில் எதையும் பூசவில்லை. நெற்றியில் நாமம் மட்டும் இட்டார். கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக் கட்டினார்.

ஏகாம்பரம் கிரீடத்தைத் தொட்டுப் பார்த்தான். “சனங்க ஏத்துக்குவாங்களா வாத்தியாரே?”

“பாட்டெல்லாம் தெரியுமில்ல?”

“எல்லாம் மனப்பாடம்.”

“அப்புறம் என்ன? ஆள் அனுப்பி உம்பொண்ணைக் கூட்டியாரச் சொல்லு. முன்னாடி உக்காரட்டும்.”

துளசிங்கம் பாதி நீலக் கையோடு எழுந்து நின்றான்.

“வாத்தியாரே, அப்ப நான்?”

“போய்க் கழுவிக்கிட்டு வா. இன்னைக்கு நீ அசுரன்.”

“விளையாடாதீங்க. இந்த மூஞ்சியைப் பார்த்துக் கெட்டவன்னு யார் நம்புவாங்க?”

வாத்தியார் ஏகாம்பரத்தின் கிரீடத்தைச் சரிசெய்தபடியே சொன்னார்.

“இத்தனை வருஷமா இவனையே கெட்டவன்னு நம்ப வச்சிட்டேன். உன்னை நம்ப வைக்கிறதா கஷ்டம்?”