பாதி வழியில் ஒரு செல்

"எதைக் கொல்லணும்னு மட்டும் சொல்லுங்க மேடம்," என்றார் தெய்வநாயகம்.

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு அது முதல் நாள். இருபது வருடம் சிறுநீரக மருத்துவராக இருந்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் மாணவராக வந்திருந்தார். ஆசிரியை ரெஜினா அவரைவிட இளையவர்.

"யார் மேல சார் இவ்வளவு கோபம்?"

"மும்தாஜ்னு ஒரு டீச்சர் என்கிட்ட வைத்தியத்துக்கு வர்றாங்க. சிறுநீரகத்துல பாதி தழும்பாயிருச்சு. மீதிப் பாதியாவது நிக்குமான்னு கேட்டாங்க. அதான் இங்க வந்தேன். அந்தத் தழும்பைப் போடுற செல் எதுன்னு தெரிஞ்சா அழிச்சிரலாம்."

ரெஜினா ஒரு சிறுநீரகத் துணுக்குக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தார். ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களுக்குப் பச்சை. தழும்பு நார் உண்டாக்கும் செல்களுக்குச் சிவப்பு.

"சிவப்பைக் காட்டுங்க சார்."

"இதோ. இதோ இங்கே ஒண்ணு. இது..."

குனிந்தவர் நிமிரவில்லை.

"இது மஞ்சளா இருக்கே மேடம்."

"பச்சையும் சிவப்பும் ஒண்ணா ஒளிர்ந்தா மஞ்சளாத்தான் தெரியும்."

"அப்போ இது ரத்தக்குழாய்ச் செல்லா, தழும்புச் செல்லா?"

"அதுகிட்டயே கேளுங்க," என்று ஒரு கண்ணாடித் தட்டைக் கையில் கொடுத்தார் ரெஜினா.

தட்டில் ஆரோக்கியமான ரத்தக்குழாய்ச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பரவிக் கிடந்தன. அடிபட்ட சிறுநீரகம் சுரக்கும் புரதத்தைத் தெய்வநாயகம் அவற்றின்மேல் விட்டார்.

சில நாட்களில் அவை பிடியை விட்டன. தனித்தனியாக நீண்டன. நார் விடத் தொடங்கின.

"இத்தனை நாள் ரத்தம் கொண்டுவந்து ஊட்டினது நீங்கதானே!" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். பிறகு அவற்றை அழிக்க பிளீச்சிங் திரவத்தை எடுத்தார்.

ரெஜினா அந்தப் பாட்டிலை வாங்கித் தள்ளி வைத்தார். புரதத்தைக் கழுவி எடுத்தார். ஒரு சின்ன பம்பை மாட்டி, நாளத்தில் ரத்தம் ஓடுகிற மாதிரி சத்துநீரைச் செல்கள்மேல் ஓடவிட்டார்.

"போய்ச் சாப்பிட்டு வாங்க சார்."

அடுத்த வாரம் தெய்வநாயகம் நுண்ணோக்கியை விட்டு நகரவே இல்லை. செல்களில் பெரும்பாலானவை மறுபடி தட்டையாகி, பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

"என்ன மருந்து கொடுத்தீங்க?"

"மருந்தே இல்ல. அடி நின்னுச்சு. ஓட்டம் வந்துச்சு."

தெய்வநாயகம் வெளியே போய் மும்தாஜுக்குப் போன் செய்தார்.

"பிரஷர் மாத்திரையை ஒருநாளும் விடாதீங்கம்மா. உப்பைக் குறைங்க. அப்பத்தான் சிறுநீரகத்துக்கு விழுற அடி குறையும். மீதியைக் காப்பாத்தப் பார்ப்போம்."

"நெஜமாவா டாக்டர்?"

"பார்ப்போம்மா."

சிரித்த முகத்தோடு திரும்பி வந்து மறுபடி குனிந்தார். தட்டின் ஓரத்தில் சில செல்கள் இன்னும் நீண்டே கிடந்தன.

"இதுங்க மட்டும் ஏன் மேடம் திரும்பல?"

ரெஜினா தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கும் தெரியல சார். உட்காருங்க."