முதலில் குடியேறியவர்

"ஊரு முனையில கல்லு நடுறாங்கம்மா. முதல்ல குடியேறியவர்னு என் பேரைப் போடப் போறாங்க. வேணாம்னா கேக்க மாட்டேங்கிறாங்க."

புலம்பிக்கொண்டே வந்து உட்கார்ந்தார் கோதண்டம்.

குன்றடிக் குடிசையில் அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் கோதண்டத்துக்கு மகள் மாதிரி. ஆனாலும் மனுஷர் அவரைத்தான் குருவென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே முதல்ல வந்தது?"

"ஆமா. முதல் லாரியில நானும் அஞ்சலாட்சியும் வந்து இறங்கினோம்."

அஞ்சலாட்சி அவர் மனைவி. பட்டணத்து ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்து, சனங்களை இந்தப் பொட்டலில் கொட்டிவிட்டுப் போன காலம் அது.

"இறங்கி என்ன செஞ்சீங்க?"

"நாலு கம்பு நட்டு தார்ப்பாய் கட்டினேன். சீக்கிரமே திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். பாவம், நம்பிட்டாங்க."

"அஞ்சலாட்சி?"

கோதண்டம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செவுரு எழுப்பலாம்னு கெஞ்சினா. போகப்போற இடத்துல செவுரு எதுக்குடின்னேன். வாசல்ல முருங்கைக் கொம்பு ஊனினா. யாரு திங்கப்போறான்னு பிடுங்கி வீசினேன். அத்தனையும் வீம்பும்மா. வருஷக்கணக்கா ஒழுகுற தார்ப்பாய்க்குக் கீழ கிடந்து, நெஞ்சுல சளி கட்டி, அங்கயே போயிட்டா."

அப்போதாவது திருந்தினாரா? அதுவும் இல்லை. நம்ம மண்ணில்தான் அடக்கம் என்று உடலைப் பழைய ஆற்றங்கரைக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே இடுகாட்டின் மேலேயே சாலை போட்டிருந்தார்கள். அதே வண்டியில் திரும்பி வந்து, பொட்டலின் ஓரத்தில் தானே குழி வெட்டினார்.

"அப்புறம்?"

"அப்புறம் திரும்பிப் போறதைப் பத்தி ஒருத்தரும் பேசல. வீட்டுக்கு வீடு செவுரு எழும்பிச்சு. நானும் எழுப்பினேன். யாருக்காக எழுப்பினேன்னு இன்னிவரைக்கும் தெரியல."

கிழவர் விசும்பி அழுதார். அழட்டும் என்று அம்மையார் காத்திருந்தார். பிறகு முறத்தைத் தள்ளி வைத்தார்.

"பெரியவரே, வந்து இறங்கினதை விடுங்க. நீங்க இங்க எப்ப குடியேறினீங்க?"

"அவ மேல மண்ணு தள்ளின அன்னிக்கு."

"அவங்க?"

கோதண்டம் நிமிர்ந்து பார்த்தார்.

"லாரியை விட்டு இறங்கின அன்னிக்கேம்மா."