சடையாண்டி ஜீப்புக்கு மூச்சுக் குழாய் மாட்டிய வைபவம்

நெத்திலிமேடு என்று ஒரு ஊர், மலையடிவாரத்தில், ஆற்றுக்கு இந்தக் கரையில். தலைகளை எண்ணினால் ஐந்நூறு தேறும். தலைக்குள் இருப்பதை எண்ண இதுவரை யாரும் போனதில்லை. போனால் அரை நாழிகையில் வேலை முடிந்து திரும்பிவிடலாம்.

அந்த ஊருக்கு ஒரே வண்டி சடையாண்டியின் சிவப்பு ஜீப். அவருடைய தங்கச்சி மகன் பவுன்ராசுவுக்கு அக்கரையில் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண் செம்பவளம். அவள் அப்பா மாசிலாமணி கறாரான ஆள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம், அதற்குள் மாப்பிள்ளை வந்து சேராவிட்டால் பெண்ணை அவளுடைய அத்தை மகனுக்குக் கட்டி வைத்துவிடுவேன் என்று சொல்லியனுப்பினார். பவுன்ராசுவுக்கு முப்பத்தாறு வயது. இதை விட்டால் சுற்றுவட்டாரத்தில் அவனுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. மற்ற எல்லோரும் ஒரு தடவையாவது அவனோடு பேசிப் பார்த்துவிட்டார்கள்.

ஆற்றில் அப்போது முழங்கால் அளவுதான் தண்ணீர். ஆடும் மாடும் கேட்காமலே நடந்து போய்விட்டு வந்தன. ஆனால் போன ஐப்பசி வெள்ளத்தில் ஜீப் தண்ணீரைக் குடித்து நடு ஆற்றில் நின்றுபோனதை சடையாண்டி மறக்கவில்லை. நேரே டவுனில் இருந்த மெக்கானிக் இருதயராஜிடம் போனார்.

“அண்ணே, என்ஜின் காத்தைக் கீழ இருந்து இழுக்குது. அதான் தண்ணி ஏறுது,” என்றார் இருதயராஜ். “ஸ்நார்க்கல்னு ஒரு குழாய் இருக்கு. அதை மாட்டி மூச்சைக் கூரை உயரத்துக்குக் கொண்டு போயிட்டா, பானட் வரைக்கும் தண்ணி வந்தாலும் ஓடும். வண்டியை விட்டுட்டுப் போங்க, நாளைக்கு மாட்டித் தாரேன்.”

“வண்டியை விட்டுட்டுப் போனா, நாளைக்கு வந்து வண்டியை எடுக்க நான் எந்த வண்டியில வர்றது?”

இருதயராஜ் எழுந்து கடைக்குள் போனார். பிறகு குழாயையும், ஒரு டப்பா பசையையும், விளக்கக் காகிதத்தையும் கையில் கொடுத்தார். “இதுல போட்டிருக்கிறபடி செய்ங்க. சொந்தப் புத்தியில எதையும் செஞ்சிராதீங்க,” என்றார். கடைசியில் சொன்னது வீண் எச்சரிக்கை. அப்படி ஒன்று அவர்களிடம் இருந்தால்தானே.

புதன்கிழமை ஊர் ஜீப்பைச் சுற்றிக் கூடியது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே ஆளான வெள்ளைத்துரை காகிதத்தைக் கையில் வாங்கினார். முதல் வரி, ‘படத்தில் உள்ளபடி பொருத்தவும்.’ படத்தில் ஒரு பச்சை ஜீப், பானட் வரை தண்ணீரில் நின்றது. ஸ்டியரிங் பிடித்திருந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“படத்துல வண்டி பச்சை,” என்றார் வெள்ளைத்துரை. “நம்மது சிவப்பு. பொருந்தாது.”

கூட்டம் கவலையில் ஆழ்ந்தது. சடையாண்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“மாமா, நம்ம வண்டிக்குப் பச்சை அடிச்சிட்டா?” என்றான் பவுன்ராசு.

இப்படிப்பட்ட மூளைக்கா பெண் கிடைக்கவில்லை என்று ஊரே அவனை மெச்சியது. சாயங்காலத்துக்குள் ஜீப் பச்சையாகிவிட்டது, கண்ணாடிகள் உட்பட. முன்கண்ணாடியில் மட்டும் சாலை தெரிய உள்ளங்கை அகலம் சுரண்டினார்கள்.

மறுநாள் காலை மட்கார்டில் துளை போட்டு, குழாயை நிறுத்தி, பட்டை போட்டு முறுக்கினார்கள். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. எனக்கே ஆச்சரியம்தான். அடுத்த வரி, ‘எந்த ஓட்டையும் விடாமல் பசை பூசி அடைக்கவும்.’ இணைப்புகளையெல்லாம் பூசி முடித்த வெள்ளைத்துரை, ஏணி போட்டு ஏறி, குழாயின் உச்சியைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“மேல இம்மாம் பெரிய ஓட்டையை வச்சுக்கிட்டு, கீழ ஊசித் துவாரத்தை அடைச்சு என்ன புண்ணியம்?”

“அது வழியாத்தான மூச்சு போகும்?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அந்த ஊரில் எப்போதாவது இப்படி ஒரு குரல் கேட்கும். உடனே அமுக்கிவிடுவார்கள்.

“எந்த ஓட்டையும்னு போட்டிருக்கு. மூச்சுன்னு எங்கயாவது போட்டிருக்கா? காட்டு பார்ப்போம்.”

காட்ட முடியவில்லை. மிச்சப் பசை முழுவதும் குழாயின் உச்சிக்குப் போனது.

அப்புறம்தான் பெரிய சிக்கலைக் கண்டுபிடித்தார்கள். படத்தில் தண்ணீர் பானட் வரை இருந்தது. ஆற்றிலோ முழங்கால் வரை. இந்த ஆற்றில் இந்தக் குழாயோடு இறங்குவது காகிதத்துக்கு விரோதம். மழைக்குக் காத்திருக்கலாமா என்று யோசித்தார்கள், முகூர்த்தம் காத்திருக்காது. ஆகவே அன்று பொழுது சாயும் வரை ஐம்பது பேர் மண்வெட்டியோடு ஆற்றுக்குள் இறங்கி, வண்டி கடக்கிற தடத்திலேயே ஒரு பள்ளம் தோண்டினார்கள். வெள்ளைத்துரை அதில் நின்று பார்த்தார். நெஞ்சு வரை வந்ததும், போதும் என்றார்.

வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்குப் பவுன்ராசு பட்டு வேட்டி கட்டி, தாலியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினான். சடையாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்துச் சிரிக்கத் தொடங்கினார். என்ஜின் இரண்டு இருமல் இருமி அடங்கியது. ஆனால் கரை நல்ல சரிவு. ஜீப் தானாகவே உருண்டு போய்ப் பள்ளத்தில் தொப்பென்று இறங்கியது. தண்ணீர் பானட்டைத் தொட்டது. கரையில் இருந்தவர்கள் காகிதத்தையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்துக் கை தட்டினார்கள்.

“மாமா, வண்டி போகலையே,” என்றான் பவுன்ராசு. தண்ணீர் அவன் மடிக்கு ஏறியிருந்தது.

“படத்துல மட்டும் போகுதாடா? நிக்கத்தான செய்யுது,” என்றார் சடையாண்டி, சிரிப்பு மாறாமல்.

“மணி ஒம்பதாகப் போகுது மாமா. எனக்கு அழுகையா வருது.”

“அழுகாத. படம் கெட்டுப்போகும்.”

அக்கரையில் பொறுத்துப் பார்த்த மாசிலாமணி, மாலையும் கழுத்துமாக இருந்த மகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். பள்ளத்துக்குப் பத்தடி தள்ளி, முழங்கால் தண்ணீரில், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி செம்பவளம் நடந்து வந்து நின்றாள்.

“மாப்ள, அங்க என்ன பண்றீங்க? எந்திரிச்சு இப்படி நடந்து வாங்க. முழங்கால் தண்ணிதான். இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு,” என்றார் மாசிலாமணி.

பவுன்ராசு எழப் போனான். சடையாண்டி அவன் கையைப் பிடித்து அமுக்கினார். முதல் தடவையாக அவர் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது.

“வெள்ளைத்துரை,” என்று கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “குழாய் இல்லாம இந்த ஆத்தைத் தாண்ட முடியுமா?”

“முடியாது. முடியும்னா நாம ஏன் மாட்டப் போறோம்?”

“அப்ப இந்தப் புள்ள எப்படி வந்துச்சு?”

வெள்ளைத்துரை செம்பவளத்தை மேலும் கீழும் பார்த்தார். அவள் தலைக்கு மேல் குழாய் எதுவும் இல்லை. “கால் தரையில படுதான்னு பாருங்க,” என்றார் தணிந்த குரலில்.

“தெரியலை. முழங்காலுக்குக் கீழ தண்ணியா இருக்கு.”

“அதான பார்த்தேன். மறைச்சுக்கிட்டு வந்திருக்கு.”

“அவங்கப்பாவும் பேயா மாமா?” என்று நடுங்கினான் பவுன்ராசு.

“கூடவே வந்திருக்காரே, அப்புறம் என்ன?”

செம்பவளம் இவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பச்சை ஜீப்பை, பசை அடைத்த குழாயை, மடியில் தாலிக்கயிறு மிதக்க உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை. “அப்பா, வாங்க போகலாம்,” என்றாள். “அத்தை மகன் நடந்தே வருவாரு.” இருவரும் திரும்பி, வந்த வழியே அக்கரைக்குப் போனார்கள். சற்று நேரத்தில் அங்கே கெட்டிமேளம் கேட்டது.

“பார்த்தியா,” என்றார் சடையாண்டி. “போறப்பவும் குழாய் இல்லாமத்தான் போகுதுங்க.”

பவுன்ராசு நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டான். “வண்டி மட்டும் ஓடியிருந்தா பேய்க்குத் தாலி கட்டியிருப்பேன் மாமா.”

“அதுக்குத்தான்டா குழாய் மாட்டச் சொல்றது,” என்றார் சடையாண்டி. மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சிரிக்க ஆரம்பித்தார்.