முக்காலியில் பதிந்த பாதங்கள்

அந்தக் காலத்தில் கோவைப் பக்கம் ஒரு பஞ்சாலையில் ஒரு முக்காலி இருந்தது. உட்காருவதற்குச் செய்ததல்ல; நூற்பு இயந்திரம் எட்டாத பிள்ளைகள் ஏறி நிற்க மேஸ்திரி பொன்னரங்கம் செய்து வைத்தது. ஒன்பது வயது மயிலாத்தா காலையில் அதன் மேல் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் இறங்குவாள். அறுந்த இழையை ஒட்டுவது அவள் வேலை. அவள் அம்மாவுக்கும் அதே ஆலையில்தான் வேலை.

முக்காலிக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. அவள் எட்டிக் கை நீட்டும்போதெல்லாம் கவிழப் பார்க்கும். எதிரே பல்சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். தூக்கத்தில் அவள் தலை வேறு சாயும். 'இன்றைக்கு விழுந்துவிடுவாளோ' என்று முக்காலிக்கு நாள் முழுதும் கவலை.

ஒரு நாள் துடைப்பம் மூச்சிரைக்க வந்தது. மூலைமுடுக்கெல்லாம் போய் வருவதால் ஆலை வம்பு முழுக்க அதனிடம்தான்.

"சேதி தெரியுமா? தரையில நின்னு கை எட்டாத பிள்ளைக்கு இங்க வேலை கிடையாதாம். புது முதலாளி சென்னியப்பர் சொல்லீட்டாரு. பள்ளிக்கூடம் கட்டியாச்சு. முக்காலிய எல்லாம் பாய்லர்ல போடோணுமாம்!"

முக்காலி பதறிப்போய்க் கேட்டது, "எரிக்கறது எதுக்கு? ஒரு ஓரமாப் போட்டு வெக்கலாமில்ல?"

"முக்காலி இருந்தா, மேல நிறுத்த ஒரு பிள்ளையும் கிடைச்சுருமாம்."

அதற்குள் முதலாளி வருகிறார் என்று சத்தம். மேஸ்திரி மயிலாத்தாவைப் பிடித்து இறக்கி, முக்காலியைப் பஞ்சுக் குவியலுக்குள் செருகினார்.

"கேட்டா, அம்மாவைப் பாக்க வந்தேன்னு சொல்லு அம்மிணி. அவரு போனதும் ஏறிக்கலாம்."

இயந்திரம் குனிந்து முக்காலியிடம் கிசுகிசுத்தது. "மூச்சு விடாதே. நுணலும் தன் வாயால் கெடும். எனக்கும் சின்ன விரல்தான் தோது."

சென்னியப்பர் வந்தார், கேட்டார். மயிலாத்தா சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். அவரும் நம்பித் திரும்பினார்.

முக்காலி ஒன்றும் வீரனல்ல. சாகப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் போய்விட்டால் அவள் மறுபடி ஏறுவாள். தான் மறுபடி கவிழப் பார்க்கும். அதை நினைத்தபோது பயம் இன்னும் கூடிப்போனது. குட்டைக் காலின் பக்கம் தன்னைச் சாய்த்துக்கொண்டது. பஞ்சு சரிந்தது. முக்காலி உருண்டு முதலாளியின் காலடியில் போய் விழுந்தது.

"இது எதுக்கு, மேஸ்திரி?"

"நான் உக்காரத்தானுங்க."

சென்னியப்பர் அதை எடுத்து, ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்தார். பலகையில் இரண்டு குழிகள் தேய்ந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்கூட இல்லை.

"இது உங்க காலா?"

சென்னியப்பர் மயிலாத்தா பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, நாளைக்குப் பள்ளிக்கூடம் வந்துரு. மத்தியானச் சோறு அங்கயே. உன் கூலிய உங்கம்மா கூலியோட சேர்த்துத் தந்துடறேன்."

இயந்திரம் முணுமுணுத்தது. நான்கு நாளில் பெரிய விரல்களுக்கும் பழகிக்கொண்டது.

முதலாளி வந்துபோன அன்று சாயங்காலமே பாய்லர் கதவு முக்காலிக்காகத் திறந்தது.

"பயமா இருக்கா?" என்று கேட்டது நெருப்பு.

"இருக்குது," என்றது முக்காலி. "ஆனா இப்ப என் மேல யாரும் நிக்கல."