மிச்சமிருந்த ஒற்றை ஊசி

புயல் கரையைக் கடந்த மறுநாள், கடலோரச் சிற்றூர் ஒன்றின் மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ரெக்சிலின் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அடுத்தடுத்த கட்டில்களில் அவள் கணவன் சூசையும் தம்பி பிரிட்டோவும் கிடந்தார்கள். இருவரும் வள்ளத்தை மேட்டில் இழுத்துக் கட்டும்போது, அது காற்றில் புரண்டு அவர்கள்மேல் விழுந்திருந்தது. பிரிட்டோவுக்குக் கால் முறிவு. சூசைக்கு விலா எலும்புகள் நொறுங்கிவிட்டன. அவனுக்காகக் கருவிதான் மூச்சு விட்டது. ரத்தம் சரியாக உறையவில்லை. மூக்குக் குழாயில் விட்ட கஞ்சி வயிற்றில் தங்காமல் திரும்பி வந்தது.

காலையில் எதிர்க்கட்டில்காரருக்கு நேர்ந்ததை ரெக்சிலின் பார்த்திருந்தாள். அவரும் கருவியில் இருந்தவர். அவர் குழாயில் காப்பித்தூளைக் கரைத்ததுபோல் ஏதோ கறுப்பாக வந்தது. பிறகு சிவப்பாகவே வந்தது. செவிலியர்கள் ஓடினார்கள். மதியத்துக்குள் துணி போர்த்தி அவரை வெளியே கொண்டுபோனார்கள்.

டாக்டர் மெய்யம்மை வெளியே வந்தார். "உடம்பு உயிருக்குப் போராடும்போது வயிற்றுக்குப் போகிற ரத்தம் குறைஞ்சிடும். அமிலம் வயித்தையே அரிச்சுப் புண்ணாக்கிடும். அதைத் தடுக்கிற ஊசி இப்போ ஒண்ணுதான் இருக்கு. மத்ததெல்லாம் எதிர்க்கட்டில்காரரைக் காப்பாத்தப் பார்த்ததுலயே தீர்ந்துபோச்சு. ரோடு திறந்து நாளைக்குத்தான் மருந்து வரும்."

உள்ளேயிருந்து பிரிட்டோ அலறினான்: "அக்கா, வயிறு எரியுதுக்கா! எனக்கும் அப்படி ஆயிருமா?" அவன் பக்கத்தில் பாதி தின்ற இட்லித் தட்டு இருந்தது. வலி தாங்காமல் விடியற்காலையில் வெறும் வயிற்றில் வலி மாத்திரை விழுங்கியிருந்தான்.

ரெக்சிலினின் தாய் செபஸ்தியம்மாள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கத்துத பிள்ளைக்குப் போடுங்கம்மா. மருமவன் ஒண்ணும் கேக்கலியே."

ரெக்சிலின் இரு கட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கணவனுக்கு என்றால் தாய் மன்னிக்க மாட்டாள். தம்பிக்கு என்றால்? காலியான எதிர்க்கட்டிலைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"ரெண்டு பேருக்கும் பாதிப் பாதியாப் போட்டிருங்க டாக்டர்," என்றாள்.

"இல்லைம்மா. முழுசும் சூசைக்குத்தான்," என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார். செபஸ்தியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கணவனுக்குக் கிடைத்ததில் தன் நெஞ்சு சற்றே லேசானதை உணர்ந்து, தம்பியை நினைத்து ரெக்சிலின் இன்னும் பயந்தாள்.

கதறுகிறவனுக்கு என்றாள் தாய். ஆளுக்குப் பாதி என்றாள் ரெக்சிலின். வாய் திறக்க முடியாதவனுக்கு என்றார் டாக்டர். இவர்களில் யார் சொன்னது சரி? எதனால்?

விடை: டாக்டர் சொன்னதுதான் சரி. கருவியால் மூச்சு விடுவதும் ரத்தம் உறையாமல் இருப்பதும் இந்தப் புண்ணை ஆபத்தாக்குபவை. சூசைக்கு இரண்டுமே இருந்தன. கஞ்சியே தங்காத வயிற்றில் அமிலத்தை அடக்கும் மாத்திரையும் தங்காது, ஊசிதான் வழி. பாதி ஊசி அவனைக் காக்கப் போதாது. பிரிட்டோவின் எரிச்சல் வலி மாத்திரையால் வந்தது. இட்லி தின்றவன் அமிலத்தை அடக்கும் அந்த மாத்திரையையும் விழுங்கினான், எரிச்சல் சாயங்காலமே அடங்கிவிட்டது. மறுநாள் வந்த ஊசிகளும் போட, சூசை ரத்தக் கசிவின்றிக் கருவியிலிருந்து மீண்டான். இன்னும் கொஞ்ச நாள் ஊசி போடும்படி ரெக்சிலின் கெஞ்சியபோது, "ஆபத்து தாண்டியாச்சு. வயித்து அமிலம்தான் கிருமியைக் கொல்லும், இனி அதை அடக்கினா கிருமிக்குத்தான் வசதி," என்று டாக்டர் அதை நிறுத்திவிட்டார். வார்டில் மருமகனுக்குச் சோறு ஊட்டியவள் செபஸ்தியம்மாள்தான். அவன் முகத்தை மட்டும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.