ராயருக்குப் போன சேதி

மருதங்காட்டுச் சீமையை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்த காலம் அது. காலையில் ஒரு சட்டம் போடுவார், சாயங்காலம் அதை மாற்றுவார். நாட்டிலுள்ள பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆண்டுக்கு ஒரு பரீட்சை. தேறினால் அரண்மனைப் பள்ளியில் இடம். ஒருவர்கூடத் தேறாத ஊரில் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள்.

அந்த வருஷம் கணக்குக்குப் பதில் நிகண்டு என்று பரீட்சையை மாற்றினார்கள். கல்வி அதிகாரி கோதண்டராயர் தலைநகர வாத்தியார்களுக்கு அன்றைக்கே ஆள் விட்டுச் சொன்னார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் முள்ளிக்கரைக்கு மாட்டுவண்டியில் ஓலை போனது. வாத்தியார் ஆவுடையப்பன் கையில் அது கிடைத்தபோது பரீட்சை முடிந்து மறுநாள். கணக்கைக் கரைத்துக் குடித்திருந்த பத்தொன்பது பிள்ளைகளும் தோற்றுப்போனார்கள்.

அவரைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"நாடே அறிந்த சேதி இவருக்கு மட்டும் தெரியாதாம்! சுத்தச் சோம்பேறி, மகாராஜா" என்றார் ராயர்.

ஆவுடையப்பன் நிதானமாக ராஜாவிடம் போய், காதோடு காதாக ஏதோ சொன்னார். ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "ஆகட்டும்!" என்றார்.

மறுநாள் சபையில் ஒருவர் தலையிலும் தலைப்பாகை இல்லை. ராயர் மட்டும் சரிகைத் தலைப்பாகையோடு கம்பீரமாக நுழைந்தார்.

"ஓய் ராயரே! இன்று தலைப்பாகை கூடாது என்பது என் ஆணை. மீறினீரா? ஐம்பது கசையடி!"

"ஐயோ, எனக்குச் சேதியே வரவில்லை மகாராஜா! தெரியாத ஆணைக்குத் தண்டனையா? இது என்ன நியாயம்?"

ஆவுடையப்பன் கைகூப்பினார். "சேதி அனுப்பியாயிற்று ஐயா. எங்கள் ஊருக்கு நீங்கள் அனுப்புகிற அதே வண்டியில்தான். இன்னும் இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்."

சபை அதிரச் சிரித்தது. ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். ராயரின் பதவியைப் பறித்தார். பள்ளிக்கூடத்தை மூட வேண்டாம் என்றார். வாத்தியாருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"மகாராஜா, இது எனக்கு எதற்கு? பிள்ளைகளுக்கு மறுபடி பரீட்சை வையுங்கள்."

"இடமெல்லாம் தலைநகரப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாயிற்றே. அடுத்த வருஷம் பார்ப்போம்."

"அடுத்த வருஷம் அவர்களுக்குப் பன்னிரண்டு வயதாகிவிடும், மகாராஜா. சட்டம் இடம் தராது."

ராஜா அதற்குள் கோழிச்சண்டை பார்க்க எழுந்துவிட்டார்.

வாத்தியார் முள்ளிக்கரைக்குத் திரும்பியபோது ஊர் எல்லையிலேயே, பரீட்சை எழுதிய பிள்ளை ஒருத்தியின் தாய் செல்லாயி ஓடிவந்தாள்.

"ஜெயிச்சிட்டீங்களாமே ஐயா! எம்மக எப்போ அரண்மனைப் பள்ளிக்குப் போகணும்?"

"ராயர் தோத்துட்டாரும்மா. உன் மகளுக்கு இடமில்லை."

"அப்போ நாளையிலேர்ந்து அவளைச் சுண்ணாம்புக் காளவாய் வேலைக்கு அனுப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

சபையையே மடக்கிய வாத்தியார், தோளில் கிடந்த பொன்னாடையை உருவிச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தார்.