எள்ளுக்கு ஒரு குடை

மன்னர் நன்னமாறனின் வெண்குடையைப் பறித்துக்கொண்டு அவை விகடகவி கூத்தப்பெருமாள் எள் வயலுக்குள் இறங்கிவிட்டார். குடைபிடிப்பவன் வெறுங்கையோடு விழித்தான். நடுப்பகல் வெயில் மன்னரின் தலையில் நேராக விழுந்தது.

வறட்சியைப் பார்வையிட வந்த இடம் அது. ஏரியில் மிஞ்சிய தண்ணீர் ஊர் குடிப்பதற்குத்தான் காணும். அதை யாரும் வயலுக்குத் திருப்பிவிடாதிருக்க, பூத்து நிற்கும் எள்ளை உழுதுவிடும்படி அமைச்சர் பூவராகர் அப்போதுதான் ஆணை வாசித்திருந்தார். இது போனால் அடுத்த விதைப்புக்கு வீட்டில் ஒரு பிடி எள்கூட இல்லை என்று வயல்காரி வெள்ளாத்தாள் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

“என்ன விளையாட்டு இது?” என்றார் மன்னர்.

கூத்தப்பெருமாள் ஒரு செடிக்குக் குடை பிடித்தபடி நின்றார். “தங்கள் குடைநிழலில் எந்த உயிரையும் வெயில் சுடாது என்று தினமும் அவையில் பாடுகிறார்கள், அரசே. எள்ளை மட்டும் சுடுகிறது. ஒன்று, இந்த வயல் நம் நாட்டில் இல்லை. அல்லது பாட்டை மாற்ற வேண்டும். எதுவென்று சொன்னால் புலவரிடம் தெரிவித்துவிடுவேன்.”

மன்னருக்குச் சிரிப்பு வந்தது. வெயில் அதை அடக்கியது. ஒரு குடையால் எத்தனை செடியை மறைப்பீர் என்று கேட்டார்.

“பெரிய குடை வேண்டாம். வெள்ளையாக இருந்தால் போதும்.”

கூத்தப்பெருமாள் மன்னரை வயலின் கோடிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பாத்தி மட்டும் வெள்ளை பூசிக்கொண்டு நின்றது. சுற்றிலும் செடிகள் தலை தொங்கியிருக்க, அதன் இலைகள் நிமிர்ந்திருந்தன. வெள்ளைக் களிமண்ணை மோர்போலக் கரைத்துத் தெளித்ததாகச் சொன்னார். செடிக்கும் வியர்க்கும், வேர் குடித்ததையெல்லாம் இலை வெயிலுக்குக் கொடுத்துவிடும். வெள்ளை பூசினால் இலை அவ்வளவாகச் சூடேறாது, ஈரம் உள்ளேயே கொஞ்சம் தங்கும்.

பூவராகர் குனிந்து ஓர் இலையைத் தடவி விரலைப் பார்த்தார். “அரண்மனைச் சுவருக்கு வைத்திருந்த மண் இது. ஒரு பானை காணோமென்று காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.”

“திரும்பக் கூப்பிடுங்கள், அமைச்சரே. மீதிப் பானைகளை அவனே சுமந்து வரட்டும்” என்றார் கூத்தப்பெருமாள்.

மன்னரின் பிறந்தநாள் விழாவுக்கு அரண்மனை அழுக்காக நிற்குமே என்று பூவராகர் முனகினார்.

மன்னர் இப்போது வாய்விட்டே சிரித்தார். “சுவருக்கு வியர்க்காது, பூவராகரே.”

உழவு ஆணை அங்கேயே கிழிந்தது. வெள்ளாத்தாள் மண் கரைக்கப் பானை தேடி ஓடினாள். எல்லோரும் கரையேறினார்கள். பின்தங்கிய பூவராகர், விரலில் ஒட்டியிருந்த மண்ணைப் பக்கத்துப் பாத்தியில் வாடி நின்ற ஓர் இலையில் துடைத்தார்.